லைட் எரியுதில்ல?

எங்கள் வீட்டில் எந்த மின்சாரப் பொருள் மக்கர் பண்ணினாலும் முதலில் வருகிற கேள்வி ஒன்றுதான்: "லைட் எரியுதில்ல?" எரிந்தால் பொருள் நன்றாக இருக்கிறது என்று தீர்ப்பாகிவிடும். அப்புறம் வேறு குற்றவாளியைத் தேட வேண்டும். என் விஷயத்தில் தேடுகிற சிரமமே யாருக்கும் இருக்கவில்லை. என் லேப்டாப்பில் விண்டோஸ் இல்லை, லினக்ஸ் இருந்தது. அது போதுமானதாக இருந்தது.

அந்த லேப்டாப் பன்னிரண்டாவது முடித்தபோது பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்தது. என்னோடு வாங்கியவர்களில் சிலர் படம் பார்த்தே அதைத் தேய்த்தார்கள். சிலருடையதை அவர்களைக் கேட்காமலேயே அண்ணன்கள் விற்றுவிட்டார்கள். நான் விடவில்லை. கல்லூரிக்குப் போன காலத்தில் அது மெதுவாகித் தவழ ஆரம்பித்தது. ஆன் செய்துவிட்டுக் குளித்துவிட்டு வரலாம். விழுப்புரத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் சில பேர் காசு வாங்காமல் லினக்ஸ் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார்கள். நான் போய்க் கற்றுக்கொண்டு என் கையாலேயே அதில் லினக்ஸ் போட்டேன். லேப்டாப் மறுபடி ஓடத் தொடங்கியது. கல்யாணமாகித் திண்டிவனம் வந்தபோது புடவைகளோடு அதுவும் வந்தது. என் அம்மா வாங்கித் தந்த பீரோ வந்த வாரத்திலேயே "நம்ம பீரோ" ஆகிவிட்டது. லேப்டாப் மட்டும் கடைசி வரை என்னுடையதாகவே இருந்தது. அதைத் திறக்கவே யாருக்கும் தெரியாததுதான் காரணம்.

என் வீட்டுக்காரர் திண்டிவனத்தில் டூவீலர் ஒர்க் ஷாப் வைத்திருக்கிறார். தொழிலில் கெட்டிக்காரர், அதில் எனக்குச் சந்தேகமில்லை. கல்யாணத்துக்கு முன்னால் நான் விழுப்புரத்தில் ஒரு தனியார் பள்ளியில் பாடம் எடுத்தேன். கல்யாணத்துக்குப் பிறகு திண்டிவனத்திலிருந்து போய்வர முடியாது என்று விட்டாயிற்று. அதிலிருந்து வேலை தேடிக்கொண்டே இருந்தேன். தேடுவது என்றால் எங்கள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பது என்று பொருள்.

அப்போதுதான் அந்த வேலை கண்ணில் பட்டது. கம்ப்யூட்டருக்குத் தமிழ்ப் பேச்சைப் புரிய வைக்கிற ஒரு நிறுவனம். ஊர் ஊராகப் போய் மனிதர்கள் பேசுவதைப் பதிவு செய்திருந்தார்கள். அதைக் கேட்டு ஒரு எழுத்து மாற்றாமல் அப்படியே தட்டச்சு செய்ய ஆள் வேண்டும், அதுவும் எங்கள் பக்கத்துப் பேச்சு தெரிந்த ஆள். மல்லாட்டை என்றால் நிலக்கடலை என்று தெரிந்திருக்க வேண்டும். "போய்க்கினு" என்று கேட்டால் "போய்க்கொண்டு" என்று திருத்திவிடக் கூடாது. இப்படிப் பேசியதற்காக என்னைப் பள்ளிக்கூடத்தில் முட்டி போட வைத்திருக்கிறார்கள். அதற்குச் சம்பளம் தரக்கூட ஒரு இடம் இருக்கிறது என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

விண்ணப்பித்தேன், முதல் கட்டம் தேறினேன். இரண்டாவது கட்டம் ஒரு தேர்வு. சனிக்கிழமை காலையில், வீட்டிலிருந்தபடியே, அவர்கள் ஆள் ஒருவர் வீடியோவில் பார்த்துக்கொண்டிருக்க, ஒலியைக் கேட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும். அதற்கு அவர்களே ஒரு ஹெட்செட் அனுப்புவார்கள். யூ.எஸ்.பி.யில் சொருகுவது. அதில்தான் கேட்க வேண்டும், வேறு எதிலும் கூடாது. தேதி மாற்றம் கிடையாது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"இது ஒண்ணத்த பாரு. இதுவும் ஆவலன்னா வுட்டுடு," என்றார். "அக்கா ஜவுளிக் கடையில ஆள் கேட்டுக்கினு இருக்குது. அங்க போய் உக்காரு. நம்ம கடை மாதிரி."

அக்கா என்றால் என் நாத்தனார். ஜவுளிக் கடையில் உட்காருவது என்றால் கல்லாவில் உட்கார வைப்பார்கள் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கல்லாவில் நாத்தனார் உட்கார்ந்திருப்பார். வாடிக்கையாளர் பிரித்துப் போட்ட புடவைகளை மடித்து அடுக்குவதுதான் என் வேலை. சொந்தக்காரி என்பதால் சம்பளம் பேச மாட்டார்கள், பொங்கலுக்குப் புடவை எடுத்துத் தருவார்கள். அந்தச் சனிக்கிழமை எனக்கு என்னவென்று இப்போது புரிந்திருக்கும். ஒரு பக்கம் என் வேலை, இன்னொரு பக்கம் வாழ்நாள் முழுக்கப் புடவை மடிப்பு.

ஹெட்செட் செவ்வாய்க்கிழமை கூரியரில் வந்தது. அழகான கறுப்பு ஹெட்செட். ஆசையோடு லேப்டாப்பில் சொருகினேன். காதுப் பக்கத்தில் நீல லைட் பளிச்சென்று எரிந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. லேப்டாப்பைக் கேட்டால் ஹெட்செட் என்று ஒன்று இருப்பதாகவே அதற்குத் தெரியவில்லை.

லினக்ஸில் எனக்குப் பிடித்த குணம் ஒன்று உண்டு. அது கமுக்கமாகக் கெட்டுப்போகாது. என்ன நடந்தது என்று உள்ளே புலம்பிக்கொண்டே இருக்கும். ஒரு கட்டளை அடித்தால் அந்தப் புலம்பல் முழுவதையும் படிக்கலாம். அடித்துப் படித்தேன். அது சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி: யாரோ வந்து சொருகியிருக்கிறார்கள். நீ யார் என்று கேட்டேன். பதில் இல்லை. மறுபடியும் கேட்டேன். பதில் இல்லை. இது சரிப்படாது, விட்டுவிட்டேன்.

நான் அவசரப்படவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஹெட்செட் கெட்டிருக்கலாம் என்று, ஒரு சின்ன இணைப்பானை வைத்து அதை வீட்டுக்காரரின் போனில் சொருகினேன். கணீரென்று பாடியது. ஆக, ஹெட்செட்மேல் குற்றமில்லை. லேப்டாப்பின் இன்னொரு ஓட்டையில் சொருகினேன். அதே கதை, லைட் எரிந்தது, பதில் இல்லை. பழைய பென் டிரைவ் ஒன்றைச் சொருகினேன். அதுவும் தன் பெயரைச் சொல்லவில்லை. மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காக லினக்ஸ் சில சமயம் ஓட்டைகளைத் தூங்க வைக்கும், அதை நிறுத்திப் பார்த்தேன். போன மாதம் வரை ஒழுங்காக ஓடிய பழைய பதிப்புக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. நான் மவுஸ் வைத்துக்கொள்வதில்லை, விரலால் தடவியே வேலை செய்து பழக்கம். அதனால் ஓட்டைகள் இரண்டும் எப்போதிலிருந்து இப்படி என்றும் தெரியவில்லை. உள்ளே பார்த்தாயா என்று கேட்பீர்கள். பார்த்தேன். ஹால் டியூப் லைட்டில் குனிந்து பார்த்து, தூசியாக இருக்குமோ என்று வாயால் ஊதினேன். இருட்டு ஓட்டைக்குள் இருட்டுதான் தெரிந்தது.

அத்தை, என் மாமியார், சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, லைட் எரியுதில்ல?"

"எரியுது அத்த."

"அப்பறம் இன்னா? நல்லாத்தான் கீது."

வீட்டுக்காரர் சாயங்காலம் வந்தார். என் முகத்தைப் பார்த்து விஷயத்தைக் கேட்டார். ஹெட்செட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீல லைட்டைப் பார்த்தார். லேப்டாப்பைப் பார்த்தார்.

"நான் அப்பவே சொன்னன். ஊரே ஒண்ணு வெச்சிக்கினு இருந்தா நீ மட்டும் வேற ஒண்ணு வெச்சிக்கினு இருக்கற. வீணா பேஜாரு. மாமாவுக்கு போன் போடறன், அவரு வந்து பாப்பாரு."

அவர் அப்பவே சொன்னதெல்லாம் கிடையாது. லினக்ஸ் என்ற சொல்லே அவருக்கு அன்றைக்குத்தான் சரியாக வாயில் வந்தது.

மாமா என்பது நாத்தனாரின் கணவர். நான் அண்ணா என்று கூப்பிட வேண்டிய மனிதர். குடும்பத்தில் கம்ப்யூட்டர் தெரிந்தவர் என்ற பட்டம் அவருக்கு வெகுகாலமாக உண்டு. ஜவுளிக் கடையில் பில் போடுகிற கம்ப்யூட்டரை வாங்கி வைத்தவர் அவர். அது நின்றுபோனால் சர்வீஸ்காரனுக்குப் போன் போடுகிறவரும் அவர். புதன்கிழமை சட்டைப் பையில் ஒரு பென் டிரைவோடு வந்தார். உட்கார்ந்தார், காபி குடித்தார், என் லேப்டாப்பைத் திறந்து, பக்கத்து வீட்டுக்காரரின் நாயைப் பார்ப்பதுபோலக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பார்த்தார்.

"இதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. லினக்ஸ்ல ஹெட்செட்டெல்லாம் எடுக்காது. ஃபார்மேட் பண்ணி விண்டோஸ் போட்டுட்டா முடிஞ்சிது. ஜல்தியா ஆயிடும். பென் டிரைவுல ரெடியா எடுத்துக்கினு வந்திருக்கேன்."

"அண்ணா, பென் டிரைவயும் அது எடுக்கல. அதான பிரச்சனையே."

"அது உன் பென் டிரைவு. இது புதுசு."

சரி, பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கும் ஒரு வேடிக்கை வேண்டியிருந்தது. சொருகினார். பென் டிரைவின் மூக்கில் சிவப்பு லைட் எரிந்தது. "பாத்தியா, லைட் எரியுது," என்றார். மூடித் திறந்தார். மறுபடி சொருகினார். இந்த ஓட்டை, அந்த ஓட்டை. பென் டிரைவைச் சட்டையில் துடைத்தார். லினக்ஸைக் குணப்படுத்தும் மருந்து பென் டிரைவில் இருக்கிறது, பென் டிரைவை வாங்கிக்கொள்ள லேப்டாப்புக்கு வாய் இல்லை. இந்தச் சிக்கல் அவருக்குப் புரிய வெகுநேரம் ஆனது. புரிந்தபோது அதற்கும் லினக்ஸ்தான் காரணம் என்றார்.

"உள்ள பூட்டு போட்டு வெச்சிருக்கும்மா. வேற எதுவும் உள்ள வரக் கூடாதுன்னு."

லேப்டாப்பை அணைத்து, லினக்ஸ் எழுந்து வருவதற்கு முன்னால் வருகிற நீலத் திரையைத் திறந்து காட்டினேன். அங்கேயும் பென் டிரைவ் தெரியவில்லை. "பாருங்கண்ணா, இங்க லினக்ஸே இன்னும் வரல. அது தூங்கிக்கினு இருக்குது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

அவர் யோசித்தார். "அப்ப இதையும் லினக்ஸ் மாத்தியிருக்கும்," என்றார்.

என் வீட்டுக்காரர் தலையாட்டினார். சம்பந்தமே இல்லாத இடத்தில் தலையாட்டுகிற ஆண்களைப் பார்த்தால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். போகும்போது அண்ணா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஆறுதல் சொன்னார். "பரவால்ல வுடும்மா. கடைக்கி வந்துடு. தீபாவளி கூட்டத்துக்கு ஆளு பத்தல." பென் டிரைவை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை நிறுவனத்துக்குப் போன் செய்தேன். தேர்வு நடத்தும் பெண் நல்லவிதமாகத்தான் பேசினாள். வேறு கம்ப்யூட்டர் கிடைக்குமா என்று கேட்டாள். வேலைக்குப் பதிவு செய்த கம்ப்யூட்டரிலேயே தேர்வும் எழுத வேண்டும் என்பது அவர்கள் விதி என்பதால், மாற்றினால் மறுபடி முதல் கட்டத்திலிருந்து வர வேண்டும் என்றும் அவளே சொன்னாள். முதல் கட்டம் மறுபடி எப்போது என்று தெரியாது. அதற்குள் என்னைப் புடவைக் குவியலுக்கு நடுவில் உட்கார வைத்துவிடுவார்கள். அழக்கூட வரவில்லை, அவ்வளவு ஆத்திரம்.

வெள்ளிக்கிழமை காலையில் லேப்டாப்பைத் தோள்பையில் போட்டுக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறினேன். கல்லூரிக் காலத்தில் சார்ஜர் மாற்றிய கடை ஒன்று அங்கே தெரியும். கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் கூட்டம் ஏறியது. பையை மடியிலேயே வைத்து அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா குழந்தையா என்று எட்டிப் பார்த்தார்.

கடைக்காரர் லேப்டாப்பைத் திறந்தார். திரையைப் பார்த்ததும் அவர் புருவம் ஏறியது.

"இன்னாங்க இது, லினக்ஸா? யாரு போட்டது?"

"நான்தாங்க."

எனக்குப் பின்னால் யாராவது ஆம்பளை வருகிறாரா என்று பார்த்தார். யாரும் வரவில்லை. ஹெட்செட்டைச் சொருகினார். நீல லைட் எரிந்தது. "லைட் எரியுதே," என்றார். மூன்று நாளாக அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது.

"மதர்போர்டு பூடுச்சிங்க," என்றார்.

"தொறந்து பாக்காமயே சொல்றீங்களே?"

"தொறந்துட்டா மூடறது கஷ்டம்ங்க. பழைய மாடலு. இத வெச்சிக்கினு கஷ்டப்படாதீங்க. நம்ம கிட்டயே நல்ல செகண்ட் ஹாண்டு கீது, விண்டோஸ் போட்டது."

மேசைமேல் வட்ட விளக்கோடு கூடிய பெரிய பூதக்கண்ணாடி ஒன்று இருந்தது. அதை என் லேப்டாப் பக்கம் ஒரு தடவையாவது திருப்புவார் என்று பார்த்தேன். திருப்பவில்லை. அதன் தண்டில் மாலை காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. விளக்கின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் உதிர்ந்தது போக மிச்சம் இருந்தது. ஆயுத பூஜை முடிந்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. கடையில் எதைப் பார்த்தாலும் பொட்டு. பிரின்டருக்குப் பொட்டு, மேசை டிராயர் கைப்பிடிக்குப் பொட்டு, சுவரில் இருந்த பிளக் பாயிண்டில் மூன்று ஓட்டைக்கு நடுவில் ஒரு பொட்டு.

அந்த பிளக் பாயிண்டைப் பார்த்தபடியே நின்றேன்.

ஆயுத பூஜைக்கு நான் வீட்டில் இல்லை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று விழுப்புரத்திலேயே இருந்துவிட்டேன். லேப்டாப்பைத் திண்டிவனத்தில் விட்டுவிட்டுப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அதன் மூடியில் ஒரு பெரிய சந்தனப் பொட்டு இருந்தது. "பூஜையில வெச்சோம். அதுவும் ஆயுதந்தான," என்றார் அத்தை. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஈரத் துணியால் மூடியைத் துடைத்துவிட்டு மறந்துபோனேன். ஆனால் அதற்கு முந்தின வருஷம் ஒர்க் ஷாப்பில் என் வீட்டுக்காரர் பொட்டு வைப்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் சொல்லிவைத்தபடி, எந்த மெஷினுக்கும் நெற்றியில் மட்டும் வைத்தால் அவருக்குப் போதாது. காற்று போகிற வாய், ஆயில் போகிற வாய், கரண்டு போகிற வாய், அத்தனைக்கும் வைக்க வேண்டும். விரல் நுழையாத இடத்துக்குத் தீக்குச்சியில் சந்தனத்தைத் தொட்டு உள்ளே வைப்பார். வைத்துவிட்டுக் கண்ணை மூடி ஒரு கும்பிடு.

"கொஞ்சம் இந்தக் கண்ணாடிய இப்டி திருப்புங்க," என்றேன்.

"எதுக்குங்க?"

அவர் திருப்புகிற வரை காத்திருக்கவில்லை. நானே இழுத்து, லேப்டாப்பைச் சாய்த்து, விளக்கை ஓட்டைக்குள் அடித்தேன். உள்ளே நாக்கு மாதிரி ஒரு பட்டை. அதில் நான்கு தகடுகள். ஓரத்தில் இருக்கிற இரண்டும் கரண்டுக்கு. நடுவில் இருக்கிற இரண்டும் பேச்சு வார்த்தைக்கு. யார் நீ என்று லேப்டாப் கேட்பதும், நான் ஹெட்செட் என்று அது சொல்வதும் அந்த நடு இரண்டின் வழியாகத்தான். ஓரத் தகடுகள் பளபளவென்று இருந்தன. நடுவில், கச்சிதமாக நடுவில், கெட்டியாகக் காய்ந்த மஞ்சள் கட்டி. அதன்மேல் ஒரு துளி சிவப்பு. இன்னொரு ஓட்டையிலும் அதே இடத்தில் அதே போல. கோணல்மாணலாகப் பொட்டு வைக்கிற மனிதராக இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். என் வீட்டுக்காரருக்குப் பொட்டு நடுவில் இருந்தாக வேண்டும்.

"சந்தனம்ங்க," என்றேன்.

கடைக்காரர் அப்போதுதான் முதல்முறையாகக் குனிந்து பார்த்தார். "அட, ஆமாங்க. குங்குமமும் கீது."

"அப்ப மதர்போர்டு பூடல?"

நான் கொஞ்சம் ஸ்பிரிட்டும் சின்ன பிரஷும் கேட்டேன். அவர் இரண்டடி பின்னால் போனார்.

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா பூஜ சந்தனத்த நான் சொரண்ட மாட்டேங்க. தப்பா எடுத்துக்காதீங்க. நாளைக்கி மத்தியானமா எடுத்துக்கினு வாங்க, பண்ணித் தர்றேன்."

பார்க்காமலே மதர்போர்டு போய்விட்டது என்று ஒருத்தியிடம் சொல்லி, பழைய லேப்டாப் ஒன்றைத் தலையில் கட்டுவதற்கு வெள்ளிக்கிழமை தடையாக இல்லை. சந்தனத்தைச் சுரண்டுவதற்குத்தான் தடை. நன்றி என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த வார்த்தையை அவ்வளவு காரமாக நான் அதுவரை சொன்னதில்லை.

திண்டிவனத்தில் இறங்கி வீட்டுக்குப் போகவில்லை, நேராக ஒர்க் ஷாப்புக்குப் போனேன். வீட்டுக்காரர் ஒரு பழைய ஸ்கூட்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கம்பி பிரஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். வண்டிக்குச் சொந்தக்காரர் பக்கத்தில் நின்றார். "இவ்ளோ கரி அடைச்சிருந்தா எப்டிண்ணா ஸ்டார்ட் ஆவும்? பெட்ரோலு இருக்குது, பேட்டரி இருக்குது, லைட்டு எரியுது, எல்லாம் சரி. மொதல்ல பிளக்க கழட்டிப் பாக்கணும்," என்று அவருக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார் என் வீட்டுக்காரர். நான் நின்று முழுவதையும் கேட்டேன்.

"இன்னாம்மே, கடைக்கே வந்துட்ட?"

"லேப்டாப்பு ஓட்டையில பொட்டு வெச்சீங்களா?"

"வெச்சன்," என்றார் பெருமையாக. "ரெண்டு பக்கத்துக்கும் வெச்சன். சார்ஜர் ஓட்டைக்கித்தான் வெக்க முடியல, ஒயர் சொருகியிருந்திச்சி. ஏன்?"

"அதனாலதாங்க வேல செய்யல."

அவர் சிரித்தார். சத்தியமாகச் சிரித்தார். "சந்தனம் போய் எதனா கெடுதல் பண்ணுமா?"

"இப்ப இன்னா சொல்லிக்கினு இருந்தீங்க அவருகிட்ட? அடைச்சிருந்தா எப்டி ஸ்டார்ட் ஆவும்னு?"

"அது கரி. இது சந்தனம்."

மறைத்தாரோ என்று வழியெல்லாம் சந்தேகப்பட்டுக்கொண்டுதான் வந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, மறைக்கவில்லை. அத்தனை நாளும், மாமாவைக் கூப்பிட்டபோதும், லினக்ஸைத் திட்டியபோதும், தீக்குச்சியால் தானே உள்ளே வைத்தது அவருக்கு ஒரு தடவைகூட ஞாபகத்துக்கு வரவில்லை. பூஜை செய்ததால் ஒன்று கெட்டுப்போகும் என்ற யோசனைக்கு அவர் தலைக்குள் இடமே கிடையாது. மறைத்திருந்தால்கூட மன்னித்திருப்பேன் என்று தோன்றியது. கெட்டிக்காரத்தனமாவது மிஞ்சியிருக்கும்.

அவர் அலமாரியில் ஒயர் முனைகளில் அடிக்கிற கிளீனர் டப்பா ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். எடுத்துக்கொண்டேன். மெல்லிய பிரஷ் ஒன்றையும் எடுத்துக்கொண்டேன். லேப்டாப்பை அணைத்து, பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, செய்தித்தாளை விரித்து வேலையை ஆரம்பித்தேன். "இன்னிக்கி வெள்ளிக்கெழம," என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். நான் நிமிர்ந்து பார்த்தேன். மஞ்சள் பொடிப்பொடியாகச் செய்தித்தாளில் விழுந்தது. விழுந்ததை மிதிபடக் கூடாது என்று அவர் விரலால் ஒற்றி ஒற்றி எடுத்து, சாமி படத்துக்குக் கீழே கொண்டுபோய் வைத்தார். உதவி என்று அவர் செய்தது அதுதான்.

ஈரம் காயும் வரை விட்டு, பேட்டரியைப் போட்டு, ஹெட்செட்டைச் சொருகினேன். நீல லைட் எரிந்தது. லைட்டை நான் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்தேன். யார் நீ என்று கேட்டேன் என்றது லேப்டாப். அடுத்த வரியில் ஹெட்செட்டின் முழுப் பெயரும் வந்து நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஸ்கூட்டர்காரர் என்னம்மா ஆச்சு என்று கேட்டார். என் வீட்டுக்காரர் அவரிடம், "ரெடியாயிடிச்சிண்ணா," என்றார். அவரே பழுது பார்த்த மாதிரி ஒரு குரல்.

சனிக்கிழமை தேர்வு நடந்தது. ஒலிப்பதிவில் ஒரு பெண் மோட்டார் கொட்டகையில் கரண்டு வராததைப் பற்றி மூச்சு விடாமல் பேசினாள். ஒரு சொல் விடாமல் அடித்தேன். தேர்வு நடத்திய பெண்ணுக்கு எங்கள் பக்கத்துப் பேச்சு அவ்வளவு பழக்கமில்லை போலிருக்கிறது. "இதுல பேஜாருன்னு வருதே, அப்டின்னா என்னங்க?" என்று கேட்டாள். தொல்லை என்றேன். உதாரணத்துக்கு எங்கள் வீட்டில் அந்த வாரம் நடந்ததைச் சொன்னேன். அவள் சிரிப்பை அடக்க வீடியோவை அணைக்க வேண்டியதாயிற்று.

வேலை கிடைத்தது. கிடைத்த அன்று வீட்டுக்காரர் இனிப்பு வாங்கி வந்து தெருவெல்லாம் கொடுத்தார். எல்லா வீட்டிலும் ஒரே கதைதான். "பூஜையில வெச்சமில்ல, அந்த ராசி. சும்மா சொல்லக் கூடாது, சந்தனம் காஞ்சி உதுந்த மறுநாளே வேல வந்துடிச்சி." உதிர்ந்ததாம். அண்ணாவும் இனிப்பு சாப்பிட வந்தார். நடந்ததை முழுவதும் கேட்டுவிட்டு, "அதான் நான் சொன்னேன். விண்டோஸா இருந்திருந்தா சந்தனத்தோடயே வேல செஞ்சிருக்கும்," என்றார். ஜவுளிக் கடைக்கு வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பெண்ணுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று கேள்வி.

அந்த வருஷம் முழுக்க நான் அந்த லேப்டாப்பில்தான் வேலை செய்தேன். காலையில் சமைத்து வைத்துவிட்டு ஹெட்செட்டை மாட்டினால், கோலியனூர்க்காரரும் மரக்காணத்துக்காரரும் கோட்டக்குப்பத்துப் பாயும் என் காதுக்குள் பேசிக்கொண்டே இருப்பார்கள். முதுகு வலித்தது, கண் எரிந்தது. மாதக் கடைசியில் வந்த பணத்தில்தான் அத்தையின் பல்லுக்கு வைத்தியம் பார்த்தோம். அத்தை இப்போதும் என்னை யாராவது விசாரித்தால், "சும்மாதான் இருக்குது, கம்ப்யூட்டர்ல பாட்டு கேட்டுக்கினு" என்கிறார்.

மறுபடி ஆயுத பூஜை வந்தது. இந்தத் தடவை நான் ஊருக்குப் போகவில்லை. ஹாலில் பலகை போட்டு, வாழையிலையில் பொரியும் அவலும் மல்லாட்டையும் குவித்திருந்தது. அத்தை அரிவாள்மனையைக் கழுவி வைத்தார். ஒர்க் ஷாப்பிலிருந்து வந்த ஸ்பேனர்கள் வரிசையாக நின்றன. என் வீட்டுக்காரர் குளித்து, வேட்டி கட்டி, ஒரு கையில் சந்தனக் கிண்ணமும் இன்னொரு கையில் தீக்குச்சியுமாக என் அறைக்கு வந்தார்.

"லேப்டாப்ப குடு. மேல மட்டும்தான் வெப்பன், ஓட்டைக்கிட்டயே போவ மாட்டன். உனக்கு சோறு போடற மெஷினு, அதுக்கு ஒரு பொட்டு வெக்கலன்னா எப்டி?"

நான் லேப்டாப்பை மூடி மடியில் வைத்துக்கொண்டேன்.

"பொட்டு வெக்கறதா இருந்தா எனக்கு வையுங்க. வேல செய்யறது நான்," என்றேன்.

தீக்குச்சி நுனியிலிருந்து சந்தனம் ஒரு சொட்டு தரையில் விழுந்தது. பிறகு அவர் ஃபிரிட்ஜுக்குப் பொட்டு வைக்கப் போய்விட்டார்.